மெதுவாகும் டிவிடி டிரைவ்: குடாநாட்டு இறுவட்டுகளை வாசித்தெடுத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 2002 ஏப்ரலில் ஏ9 வீதி மீண்டும் திறக்கப்பட்டபோது, கணினிகளும் இறுவட்டு எழுதும் கருவிகளும் கொழும்பிலிருந்து தரைவழியே வர வாய்ப்பு ஏற்பட்டது. அதன் பின்னரான ஆண்டுகளில் திருமணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா, வெளிநாட்டிலிருந்து வர இயலாத உறவினருக்காகப் பதிவுசெய்யப்பட்ட மரணச் சடங்கு ஆகியவற்றின் ஒளிப்பதிவுகளை ஸ்ரூடியோக்கள் டிவிடியாகவே கையளித்தன. இடப்பெயர்வுகளில் தப்பிய பழைய வீடியோ நாடாக்களும் அவ்வாறே இறுவட்டுகளுக்கு மாற்றப்பட்டன. ஒரு பிரதி வீட்டு அலுமாரியில் தங்க, மற்றவை ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் தபாலில் போயின. இன்று விற்கப்படும் மடிகணினிகளில் பெரும்பாலானவற்றில் டிவிடி டிரைவ் இல்லாமையால், இந்த இறுவட்டுகளைப் பென் டிரைவுக்கோ வன்றட்டுக்கோ மாற்ற விரும்புவோர் பழைய மேசைக் கணினியையோ யூஎஸ்பி வடத்தில் இணையும் வெளி டிரைவையோ நாட வேண்டியுள்ளது. அப்போது எழும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: சில நிமிடங்களில் முடியவேண்டிய நகலெடுப்பு ஒரு மணித்தியாலம் கடந்தும் முடிவதில்லை. டிரைவ் பழுது என்ற தீர்ப்பும் உடனே வந்துவிடுகிறது. அத்தீர்ப்பு பல வேளைகளில் தவறானது. மெதுவாக வாசிப்பது டிரைவுக்கு நேர்ந்த கோளாறாக இருப்பதை விட, வாசிக்க முடியாததை வாசித்துவிட அது தானே தெரிந்தெடுத்த வழியாக இருப்பதே அதிகம். எதை முன்னிட்டு அது அவ்வழியைத் தெரிந்தெடுத்தது என்று கண்டுபிடிப்பதே பழுது பார்ப்பதன் பெரும்பகுதியாகும்.

டிவிடி என்பது 12 சென்ரிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட வட்டு, 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பொலிகாபனேற்றுத் தகடுகள் ஒட்டப்பட்டு, தரவைத் தாங்கும் படை அவற்றின் நடுவே அமைந்திருக்கிறது. தரவு, மையத்துக்கு அருகில் தொடங்கி விளிம்பை நோக்கி விரியும் ஒரே சுருளாக எழுதப்படுகிறது. அச்சுருளின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையிலான தூரம் 0.74 மைக்ரோமீற்றர் மட்டுமே என்பதால், ஒரு படையில் உள்ள சுருளை நீட்டி விரித்தால் ஏறத்தாழ 11.8 கிலோமீற்றர் வரும், அதாவது யாழ்ப்பாண நகரிலிருந்து சுன்னாகம் வரையான தூரத்தையும் சற்றுத் தாண்டும். இந்தச் சுருளின் மீது 650 நானோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியைச் சிறிய வில்லை ஒன்று குவிக்க, தெறித்து வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கருவி பூச்சியங்களாகவும் ஒன்றுகளாகவும் மாற்றுகிறது. வட்டு சுழலும்போது அது சற்று மேலும் கீழும் ஆடும், பக்கவாட்டிலும் விலகும். அந்த அசைவுகளைப் பின்தொடர்ந்து வில்லையை ஒவ்வொரு கணமும் நகர்த்திக்கொண்டிருப்பவை நுண்ணிய காந்தச் சுருள்கள். வட்டு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பின்தொடர்தல் கடினமாகிறது என்பதை மனத்திற்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

டிரைவின் முகப்பில் அச்சிடப்படும் 8எக்ஸ், 16எக்ஸ் போன்ற குறிகள் வேகத்தின் மடங்குகளைச் சுட்டுகின்றன. டிவிடியின் ஒருமடங்கு வேகம் செக்கனுக்கு 1.385 மெகாபைட்; சிடியின் ஒருமடங்கு செக்கனுக்கு ஏறத்தாழ 150 கிலோபைட் மட்டுமே என்பதால் இரண்டையும் ஒரே எண்ணாகக் கருதி ஒப்பிடுவது பொருந்தாது. 4.7 கிகாபைட் கொண்ட நிறைந்த டிவிடி ஒன்றை ஒருமடங்கு வேகத்தில் வாசித்தால் ஏறத்தாழ 57 நிமிடங்கள் பிடிக்கும். 16 மடங்கு டிரைவில் அது 57 இன் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பே எனினும், அந்தப் பதினாறு மடங்கு வட்டின் வெளிவிளிம்பில் மட்டுமே எட்டப்படுவது. இத்தகைய டிரைவ்கள் வட்டை மாறாத சுழல்வேகத்தில், நிமிடத்துக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளாகச் சுழற்றுகின்றன. உள்வட்டத்தில் சுற்றளவு குறைவாதலால் அங்கே வாசிப்பு ஆறரை மடங்கில் தொடங்கி, விளிம்பை நெருங்க நெருங்கவே உயர்கிறது. ஆகவே குறைபாடற்ற வட்டொன்று மேசைக் கணினியின் 16 மடங்கு டிரைவில் ஐந்து நிமிடமளவிலும், மடிகணினியின் 8 மடங்கு டிரைவில் பத்து நிமிடமளவிலும் முழுமையாக வாசிக்கப்படும். நகலெடுப்பின் தொடக்கத்தில் வேகம் குறைவாகத் தெரிவது நோயல்ல. நடுப்பகுதியை அடைந்த பின்னரும் உயராதிருப்பதும், உயர்ந்து உயர்ந்து சரிவதுமே நோய்க்குறிகள்.

திரையில் படம் திக்கித் திக்கி ஓடுவதும் வாசிப்பு மெதுவாக இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். டிவிடி காணொளிக்கு அனுமதிக்கப்பட்ட உச்சத் தரவு வீதம் செக்கனுக்கு 10.08 மெகாபிட், ஒருமடங்கு டிரைவ் தருவதோ 11.08 மெகாபிட். படம் பார்ப்பதற்கு ஒருமடங்கே போதுமானது. எனவே 16 மடங்கு டிரைவில் திருமணப் படம் இடையிடையே நின்றுபோகிறது என்றால், அந்த இடங்களில் டிரைவ் ஒருமடங்குக்கும் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அது கவலைப்பட வேண்டிய நிலை. இங்கு பால் எனப்படும் தொலைக்காட்சி முறையில், செக்கனுக்கு 25 சட்டங்களாகத் தயாரிக்கப்பட்ட இறுவட்டு, என்டிஎஸ்சி முறை வழங்கும் கனடாவின் வீட்டுக் கருவியில் தடுமாறுவது வேறு கதை. கணினிக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல.

டிரைவ் வேகத்தைக் குறைக்கும் முடிவை எவ்வாறு எடுக்கிறது என்பது, வழுத்திருத்தம் என்ற ஏற்பாட்டிலிருந்து விளங்கும். டிவிடியில் தரவு 32 கிலோபைட் கொண்ட தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியும் நிரைகளும் நிரல்களுமாக அட்டவணைபோல அடுக்கப்பட்டு, ஒவ்வொரு நிரைக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் சரிபார்ப்பு எண்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றைக் கணிக்கும் முறை 1960 இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சொலமன் என்னும் இரு அமெரிக்கக் கணிதவியலாளர் வெளியிட்ட குறிமுறையை அடிப்படையாகக் கொண்டது. அட்டவணையின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இவ்வெண்களுக்கே செலவாகிறது. அதற்குப் பலனும் உண்டு: கீறலாலோ தூசியாலோ சில எழுத்துகள் வாசிக்கப்படாமல் போனாலும் எஞ்சியவற்றையும் சரிபார்ப்பு எண்களையும் கொண்டு அவற்றைப் பிழையின்றி மீளக் கணித்துவிடலாம். புத்தம்புதிய வட்டிலும் இத்தகைய சிறு வழுக்கள் நிறைய உண்டு. அவை திருத்தப்பட்டுவிடுவதால் பயனர் அறிவதில்லை. வழுக்கள் கணிப்பின் எல்லையைக் கடந்தால் டிரைவ் அதே இடத்தைத் திரும்ப வாசிக்கிறது. அப்போதும் முடியாவிடின் சுழற்சியைக் குறைத்து, வில்லையின் குவியத்தைச் சற்று மாற்றி, மறுபடி முயல்கிறது. இவ்வளவும் டிரைவின் உள்ளேயே நிகழ்கின்றன. வெளியே இருப்பவருக்குத் தெரிவது, வட்டு ஓய்ந்து ஓய்ந்து சுழலும் ஓசையும் நகராத பச்சைக் கோடும் மட்டுமே.

குற்றம் வட்டிலா டிரைவிலா என்பதைப் பிரித்தறிய கருவிகள் எவையும் தேவையில்லை. ஆலையில் அச்சிடப்பட்ட, கீறலற்ற திரைப்பட இறுவட்டு ஒன்றை அதே டிரைவில் இட்டு, ஐயத்துக்குரிய வட்டை வேறொரு டிரைவில் இட்டுப் பார்த்தால் போதும். முன்னது தடையின்றி ஓடினால் டிரைவும் அதன் வடமும் பெரும்பாலும் நலமே. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சில டிரைவ்கள் திரைப்பட இறுவட்டைக் கண்டவுடன், இரைச்சலைக் குறைப்பதற்காக உற்பத்தியாளர் வைத்த வரம்பினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன, அதைப் பழுதாகக் கொள்ளலாகாது. குடாநாட்டு வீடுகளில் உள்ள இறுவட்டுகளைப் பொறுத்தவரை இச்சோதனையில் குற்றவாளியாக வெளிப்படக்கூடியது வட்டே, அதிலும் பெரும்பாலும் அதன் மேற்பக்கத்தில் ஒட்டப்பட்ட தாள்.

ஸ்ரூடியோக்கள் மணமக்களின் வண்ணப் படத்தைப் பசைத்தாளில் அச்சிட்டு வட்டின் மேல் ஒட்டிக் கொடுப்பது பரவலான வழக்கமாக இருந்தது. பார்வைக்கு அழகான அந்தத் தாள், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழலும் வட்டின் சமநிலையைக் கெடுக்கிறது. மையம் ஒரு மில்லிமீற்றர் விலகி ஒட்டப்பட்டிருந்தாலே வட்டு அதிரும். அதிர்வை உணரும் டிரைவ் வேகத்தைக் குறைத்து அமைதி தேடும். கடலும் களப்பும் சூழ்ந்த நிலப்பரப்பின் ஈரக்காற்றில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரிவதும், கோடையில் காய்ந்து சுருங்குவதும், ஓரம் கிளம்புவதும் நாளடைவில் வட்டையே சற்று வளைத்துவிடுகின்றன. அமெரிக்கத் தேசிய நியமங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2003 இல் வெளியிட்ட இறுவட்டுப் பராமரிப்புக் கையேடு, பசைத்தாள் ஒட்டுவதைத் தவிர்க்கச் சொல்வதுடன், நீண்டகாலச் சேமிப்புக்கு 4 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையையும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதனையும் பரிந்துரைக்கிறது. யாழ்ப்பாணத்தின் சராசரி வெப்பநிலை 27 பாகையை ஒட்டியது. ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். குளிரூட்டி பூட்டிய அறையில் இறுவட்டு வைத்திருப்போர் இங்கு எத்தனை பேர் இருக்கப்போகின்றனர்! ஒட்டிய தாளை உரித்தெடுக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்வதே நல்லது: உரிக்கும் விசை ஒரே பக்கமாக இழுக்கையில் ஒட்டப்பட்ட இரு தகடுகள் பிரியவும், வட்டு நிரந்தரமாக வளையவும் இடமுண்டு. கிளம்பிய ஓரத்தை மட்டும் மெல்ல அமர்த்திவிட்டு, வேகத்தைக் குறைத்து வாசிப்பதே பாதுகாப்பு.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. ஆலையில் அச்சிடப்பட்ட இறுவட்டில் தரவு பிளாஸ்ரிக்கில் பதிந்த குழிகளாக இருக்கிறது. ஸ்ரூடியோவில் எழுதப்பட்டதிலோ சேதனச் சாயப் படை ஒன்றில் லேசர் சுட்ட தடங்களாகவே இருக்கிறது. சாயம் வெப்பத்தாலும் வெயிலாலும் மெல்ல மங்குகிறது. யன்னலோரக் கண்ணாடிச் சோகேசில் பல ஆண்டுகள் நின்ற வட்டின் தடங்களுக்கும் அவற்றின் இடைவெளிகளுக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்து, வழுக்கள் பெருகுகின்றன. ஒரே நாளில் பல பிரதிகள் வேண்டிய அவசரத்தில் மலிவான வெற்று வட்டில் உச்ச வேகத்தில் எழுதப்பட்டிருந்தால், தடங்கள் தொடக்கத்திலேயே துல்லியமற்றிருக்கும். இத்தகைய வட்டைக் கழுவியும் துடைத்தும் பயனில்லை. வேறு டிரைவ்களில் இட்டுப் பார்ப்பதே வழி. ஒரு டிரைவ் கைவிட்ட வட்டை இன்னொன்று வாசித்துவிடுவது அரிதன்று. ஏனெனில் லேசரின் வலுவும் குவியத்தைச் சீர்செய்யும் முறையும் டிரைவுக்கு டிரைவ் வேறுபடுகின்றன.

கீறலும் கைரேகையும் இவற்றை விட எளிய எதிரிகள். வாசிக்கும் பக்கத்தைப் பஞ்சற்ற மென்துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். தேவையானால் துணியைச் சுத்தமான நீரில் நனைக்கலாம். வட்டமாகத் துடைக்கும்போது நேரும் சிறு கீறல், சுருளின் போக்கிலேயே நீண்டு, அடுத்தடுத்த தரவை ஒருசேர அழிக்கும்; குறுக்காக விழும் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவையே கெடுப்பதால் வழுத்திருத்தம் அதைச் சமாளிக்கிறது. பற்பசையால் தேய்ப்பது சில வேளைகளில் பலனளித்தது என்பது உண்மையாயினும், வேறு பிரதி இல்லாத வட்டில் அந்தப் பரிசோதனையைச் செய்வது அறிவுடைமையாகாது.

இரு வட்டுகளும் ஒரே டிரைவில் திணறினால் ஐயம் டிரைவின் மீது திரும்புகிறது. வைகாசி தொடங்கி ஆவணி கடந்தும் வீசும் சோளகக் காற்று வலிகாமத்தின் செம்மண் புழுதியையும் வடமராட்சியின் கரையோர மணலையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது; கணினிப் பெட்டியின் விசிறி உட்காற்றை வெளித்தள்ள, அதற்கு ஈடாக வெளிக்காற்று நுழையும் வழிகளுள் ஒன்று டிரைவின் தட்டு வாயிலாகும். திருத்துநர் 'லென்சில் ஊத்தை' என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். வில்லை மீது படியும் தூசிப் படலம் ஒளியைச் சிதறடிக்க, டிரைவுக்கு எல்லா வட்டுகளும் மங்கலாகவே தெரிகின்றன. ரப்பர் ஊதுகுமிழால் காற்றை ஊதுவதும், பஞ்சுமுனைக் குச்சியில் ஐசோபுரொப்பைல் அற்ககோலைச் சிறிது தொட்டு மிக மெதுவாக வில்லையைத் தடவுவதும் ஏற்ற முறைகள். வாயால் ஊதினால் எச்சில் துளி படும். மின்னை நிறுத்தாமல் திறந்து வைத்துப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. லேசருக்கு அருகில் உள்ள சிறு திருகாணியைத் திருப்பி அதன் வலுவைக் கூட்டிக் கொடுப்பது சிலரிடம் கைவந்த வித்தையாக இருந்தது. அது சில கிழமைகளுக்குப் புத்துயிர் தந்து, பின்னர் லேசரையே எரித்துவிடக்கூடியது.

டிரைவும் வட்டும் நலமாயிருந்தும் வேகம் கிடைக்காத நிலை ஒன்று உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மேசைக் கணினிகள் இன்னும் இயங்கும் இடங்களில் அது முதலில் ஆராயப்பட வேண்டியது. டிரைவிலிருந்து தரவு நினைவகத்துக்குப் போக இரு வழிகள் இருந்தன. டிஎம்ஏ என்ற நேர்வழியில் மையச் செயலி தலையிடாமலே தரவு பாய்கிறது; பிஐஓ என்ற பழைய வழியில் ஒவ்வொரு துணுக்கையும் செயலியே எடுத்து வைக்கிறது. கீறல் விழுந்த வட்டினாலோ தளர்ந்த நாடா வடத்தினாலோ பரிமாற்றத்தில் வழுக்கள் நேரும்போது எக்ஸ்பி அவற்றை எண்ணிவைத்து, ஆறு சேர்ந்ததும் வழியைப் படிப்படியாகக் கீழிறக்கி, இறுதியில் பிஐஓவில் நிறுத்திவிடும். கெட்ட வட்டை வெளியே எடுத்த பின்னரும் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பாது. நல்ல வட்டும் மெதுவாக ஓட, அந்நேரத்தில் சுட்டியும் விக்கி விக்கி நகர்ந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. சாதன முகாமையாளரில் டிரைவ் பொருந்தியிருக்கும் ஐடிஈ வாய்க்காலின் பண்புகளைத் திறந்து, நடப்புப் பரிமாற்ற முறை பிஐஓ எனக் காட்டினால், அந்த வாய்க்காலை அங்கேயே நீக்கிவிட்டுக் கணினியை மீளத் தொடக்க வேண்டும். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டு டிஎம்ஏவை மீட்கும். ஓரிரு வட்டுகள் ஒரு முழுக் கணினியின் இயல்பையே மாற்றிவிடக்கூடும் என்பதை நம்பாமல், புதிய டிரைவ் வாங்கிப் பூட்டி அதிலும் அதே மந்தத்தைக் கண்டு திகைத்தோர் பலர்.

சாட்டா வடத்தில் இணைந்த பிற்காலக் கணினிகளில் இச்சிக்கல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அங்கு வெளி டிரைவின் யூஎஸ்பி துளையே கவனிக்கத்தக்கது. யூஎஸ்பி 1.1 துளை பெயரளவிலேயே செக்கனுக்கு 12 மெகாபிட்டை மட்டுமே தாங்குவதால் நடைமுறையில் அதில் டிவிடி ஒருமடங்கையே எட்டாது. யூஎஸ்பி 2.0 துளை வேகத்துக்குப் போதுமெனினும், முறைப்படி வழங்கும் மின்னோட்டம் 500 மில்லியம்பியர். வட்டைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் மெல்லிய டிரைவ்கள் சில அதற்கு மேல் கேட்கின்றன. கிடைக்காதபோது டிரைவ் சுழன்று, நின்று, மறுபடி சுழலும். நீண்ட வடத்தையும் பல்துளைப் பெட்டியையும் தவிர்த்து மடிகணினியிலேயே நேராகச் செருகுவதும், இரட்டை முனை வடமாயின் இரு முனைகளையும் செருகுவதும் பெரும்பாலும் இதைத் தீர்க்கும். மேசைக் கணினியின் டிரைவுக்குச் சுழல்மோட்டாருக்கு 12 வோல்ட், இலத்திரன் சுற்றுக்கு 5 வோல்ட் என இரண்டும் தேவை. போருக்குப் பின் தேசிய மின்வலையுடன் இணையும் வரை டீசல் இயந்திரங்களின் மின்னையே நம்பியிருந்த குடாநாட்டில், அக்காலத்திலிருந்து உழைத்துவரும் மின்வழங்கிப் பெட்டியின் 12 வோல்ட் சுமை ஏறும்போது தளர்வதில் வியப்பில்லை. சோதனைக்கு வேறொரு பெட்டியை இணைத்துப் பார்க்கலாம்.

ஆயிரக்கணக்கான ஒளிப்படங்கள் தனித்தனிக் கோப்புகளாக உள்ள வட்டு மெதுவாக நகலாவதற்குக் காரணம், ஒவ்வொரு கோப்புக்கும் லேசர் தலை இடம்தேட செக்கனில் பத்தில் ஒரு பங்களவு செலவிடுவதாகும். முழு வட்டையும் ஐஎஸ்ஓ எனப்படும் ஒரே பிம்பக் கோப்பாக எடுத்தால் தலை சுருளின் வழியே நேராகச் செல்லும், தேடல் மிஞ்சாது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்ப்பதால் வரும் தாமதமும் அதனோடு போய்விடும்.

இவ்வளவையும் சரிசெய்த பின்னரும் மெதுவாக ஓடும் வட்டை வேகப்படுத்த முயல்வது வீண் வேலை. அதை இன்னும் மெதுவாக ஓட விடுவதே முறை. நீரோ டிரைவ்ஸ்பீட் போன்ற மென்பொருளாலோ, லினக்சில் ஒற்றைக் கட்டளையாலோ டிரைவை இரு மடங்கு அல்லது நான்கு மடங்கு வேகத்துக்குள் கட்டிவைத்தால், ஏறி இறங்கும் அலைச்சல் நின்று, மொத்த நேரமும் பல வேளைகளில் குறைந்துவிடுகிறது. கெட்ட பகுதிகள் அதிகமான வட்டுக்கு டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் பொருத்தமானது: அது வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் சேர்த்துக்கொண்டு, முடியாதவற்றின் இருப்பிடத்தைப் பதிவேட்டில் குறித்துவைத்து, பின்னர் அவற்றுக்கு மட்டும் திரும்பி வருகிறது. பதிவேடு கோப்பாகச் சேமிக்கப்படுவதால், மின் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதே வட்டை மறுநாள் அயல்வீட்டு டிரைவில் இட்டு எஞ்சிய பகுதிகளை அதனிடம் கேட்கவும் முடியும். குடாநாட்டில் ஒன்றும் ரொறன்ரோவில் ஒன்றுமாக ஒரே திருமணத்தின் இரு பிரதிகள் இருந்து, அவை ஒரே மூலக்கோப்பிலிருந்து எழுதப்பட்டவையாயின், இங்கு இழந்த இடத்தை அங்குள்ள வட்டின் பிம்பத்திலிருந்து நிரப்பிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. காணொளிக் கோப்புகள் ஒவ்வொன்றும் ஒரு கிகாபைட்டுக்குள் அடங்கும்படி துண்டாக்கப்பட்டிருப்பதால், முழு வட்டும் மீளாதபோதும் நல்ல துண்டுகளைத் தனியே எடுக்கலாம். இத்தனைக்கும் ஏற்ற டிரைவ், மெல்லிய யூஎஸ்பி வகையை விட, பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய முழு அளவு சாட்டா டிரைவே. 12 வோல்ட் மின்வழங்கியுடன் வரும் யூஎஸ்பி மாற்றியில் பூட்டினால் டிரைவே இல்லாத புதிய மடிகணினியிலும் அது வேலை செய்யும்.